செய்யும் கைக்குச் சொல் கொடுப்போம்

(திருமழிசைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இவ்வூரில் என் மாணவன் ஒருவன் மின்கித்தாரின் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கித் தன் கையாலேயே பூட்டியுள்ளான். கட்டையைத் தன் விருப்பிற்கேற்ப இழைத்தான், மெருகிட்டான், ஆறு நரம்புகளையும் கட்டினான். ‘அயற்கருவி’ என நம்மவர் சிலர் முகஞ்சுளித்தனர். யானோ மகிழ்ந்தேன்.

குழலூதிச் சலித்த ஆயன், குமிழங் கொம்பில் மரல்நார் பூட்டிய வில்யாழை மீட்டினான் என்கின்றது பெரும்பாணாற்றுப்படை. அத்தகைய கைகள் அற்றபின் யாழுக்குப் பெயரே எஞ்சியது. அதன் அமைப்பை மீட்டுரைக்க விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்து, 1947இல் யாழ்நூலை வெளியிட வேண்டியதாயிற்று.

ஆதலின், செய்யும் கையைப் பழியாதீர். அதற்குச் சொல் கொடுப்பீர். நரம்பை முறுக்குவது மாடகம். விரலிடங் காட்டுவது மெட்டு. எஃகு நரம்பின் அதிர்வை மின்னாக்கும் காந்தச்சுருளை ‘அதிர்வுவாங்கி’ என்போம்.

இச்சொற்களை ஏட்டில் குறித்துக்கொண்ட மாணவன், “அடுத்து யாழ் செய்கிறேன், ஐயா; பத்தருக்கு எம்மரம் ஏற்றது?” என்றான். அவ்வினாவே நம் வெற்றி. விடையை அவனோடு சேர்ந்து தேடுவோம்.

வெல்க தமிழ்!