இரண்டு சிப்பாய்கள், ஒரு உழவு இயந்திரம்

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கொழுந்து மடுவத்தில் நடப்பது நமக்குத் தெரியும். தண்ணிக்கு இரண்டு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ என்று வெட்டிய பிறகுதான் புத்தகத்தில் எழுதுவார்கள். போன மாதம் சங்கத்தின் சார்பில் மட்டக்களப்புக்குப் போய் வந்தோம். அங்கே செத்த மனிதர்களின் கணக்கிலும் வெட்டு விழுந்திருக்கிறது.

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. மண்முனையில் 2014இல் பாலம் திறந்தார்கள். அதற்கு முன் ஆளும் நெல்லும் துறையில் மிதவையேறித்தான் கடக்க வேண்டும். 1991 ஜூன் 12 அன்று அந்தத் துறைக்கு அருகே படையினர் போன உழவு இயந்திரம் கண்ணிவெடியில் சிக்கியது. இரண்டு சிப்பாய்கள் இறந்தார்கள். இராணுவத்தின் இழப்பு அவ்வளவுதான். அதற்குப் பழியாகப் படையினர் மகிழடித்தீவுக்குள் புகுந்து சுட்டார்கள். நெல் ஆலைக்குள் ஒளிந்தவர்களும் தப்பவில்லை. ஊரார் எண்ணியது 152 பேர். ஜனாதிபதி ஆணைக்குழு ஏற்றது 67 பேர். மிச்சம் 85 மனிதர்கள் எந்தப் புத்தகத்தில்? இராணுவ நீதிமன்றம் பொறுப்பதிகாரி ஒருவரைப் பதவி நீக்கியது, மற்றவர்களை விட்டுவிட்டது.

நாலு வருடம் முன்னதாக, 1987 ஜனவரியில், அதே ஊரின் இறால் பண்ணையில் கூலிக்கு நின்றவர்களையும் கொன்றிருக்கிறார்கள். அவர்களும் நம்மைப் போல் பேர் போட்டு வேலை செய்தவர்கள்தான்.

படையின் கணக்கு மட்டும் கடைசி இலக்கம் வரை சரியாக இருக்கிறது. 2006 முதல் 2009 மே வரை இறந்த படையினர் 6,261 பேர் என்று அரசு அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் சிங்களக் கிராமத்து ஏழை வீட்டுப் பிள்ளைகள். அந்தத் தாய்மாரின் கண்ணீரை நாம் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் கடைசி மாதங்களில் இறந்த பொதுமக்களுக்கு? 40,000 வரை இருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. 'இருக்கலாம்' என்பதோடு சரி. புலிகள் பக்கத்திலும் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 2004 ஏப்ரலில் வெருகலில் அவர்களே இரண்டு அணியாக மோதியபோது விழுந்ததும் கிழக்கின் பிள்ளைகள்தான்.

தளவாடங்களுக்கும் நல்ல கணக்கு உண்டு. 2001 ஜூலை 24 அன்று கட்டுநாயக்காவில் எட்டு இராணுவ விமானங்கள் எரிந்தன. பயணிகள் விமானங்களும் நாசமாகின. அந்த ஆண்டு நாட்டின் பொருளாதாரமே சுருங்கியது. எரிந்ததற்குப் பதிலாகப் புதிது வாங்க அந்நியச் செலாவணி வேண்டும். தேயிலை கொண்டுவந்த காசு அதில் இல்லை என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம். நமக்குச் சம்பளம் கூட்டக் கேட்டால் மட்டும் நாட்டில் காசில்லை.

மகிழடித்தீவில் எங்களுக்குச் சோறு போட்ட அம்மா, தன் மகன் அந்த 67க்குள் இருக்கிறானா என்று இன்றும் தெரியாது என்றார். பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

ஜூன் 12 அன்று அங்கே நினைவுத்தூபியில் விளக்கேற்றுவார்கள். இந்த முறை நமது கிளைகளிலிருந்து ஒரு பஸ் போகிறது. வர விரும்புகிறவர்கள் தோட்டத் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ பெயர் கொடுங்கள்.