நெடுஞ்சொல்லும் நன்னூலும்



பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியைக் கடப்போர், வெள்ளை அங்கியணிந்து மருத்துவ, பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு விரையும் மாணவரை நாளும் காண்பர். 2020ஆம் ஆண்டில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்த பின்னர், தமிழகத்தின் இத்தகு வகுப்புகளில் தமிழ்வழி பயின்றோர் தொகை பெருகிற்று. விடை தெரிந்தும் வாய் திறவாதிருக்கும் மாணவன் அங்கு உண்டு. நீண்ட சொல்லொன்றை உரக்கச் சொன்னால் பிறர் நகைப்பரோ என்பதே அவன் அச்சம்.

பெரியோடான்டைட்டிஸ் என்னும் சொல்லைக் காண்போம். பல்லைத் தாங்கி நிற்கும் ஈறு, எலும்பு முதலியவற்றின் அழற்சிக்கு அது பெயர். கிரேக்க மொழியில் 'பெரி' என்றால் சுற்றி. 'ஓடான்ட்' என்றால் பல். 'ஐட்டிஸ்' நோய்ப்பெயர்களில் அழற்சியைக் காட்டும் விகுதி. பவணந்தியார் வகுத்த பகுபத உறுப்புகளை மதிப்பெண்ணுக்காகவேனும் மனனம் செய்தவனுக்கு இப்பகுப்பு புதிதாகுமா? முன்னே ஒட்டும் 'பெரி' ஒன்றே அவனுக்குப் புதுமை.

ஒலிக்கும்போது அச்சொல் பெ-ரி-யோ-டான்-டை-டிஸ் என ஆறு அசையாகும். உறுப்பு பிரியுமிடம் வேறு, அசை பிரியுமிடம் வேறு. ஓடான்ட் என்பதன் ஈற்று மெய்மேல் ஐகாரம் ஏறி 'டை' ஆயிற்று. தமிழன்னை என்பதைப் பொருள்நோக்கித் தமிழ், அன்னை என்கிறோம். அலகிடுங்கால் தமி-ழன்-னை என்கிறோம். அதுபோன்றதே இதுவும். ஆயின் நம் நிரையசையில் உயிர் இரண்டு அடங்கும். ஆங்கில அசைக்கு உயிரொலி ஒன்றே.

இதுவரை நம் இலக்கணம் கைகொடுக்கும். அழுத்தம் என்று வரும்போதுதான் துணையில்லை. தமிழில் அழுத்தம் இடம் மாறினும் சொல் வேறாவதில்லை. ஆங்கிலத்திலோ ஓரசையை ஓங்கி ஒலித்து ஏனையவற்றைத் தாழ்த்துவர். அனைத்தையும் ஒரே எடையில் ஒலித்தால், எழுத்தொலி பிழையற்றதாயினும் கேட்போர் தடுமாறுவர்.

அவ்வழுத்தத்தைக் கண்டறிய, சொல்லின் ஈற்றை முதலில் நோக்க வேண்டும். ஐட்டிஸ் வந்தால் அழுத்தம் அவ்விகுதியின் முதல் உயிரிலேயே விழும். ஆர்த்தரைட்டிஸில் 'ரை', ஜிஞ்ஜிவைட்டிஸில் 'வை', நம் சொல்லில் 'டை'. அந்நோயை ஆராயும் துறை பெரியோடான்டிக்ஸ். அங்கே விகுதி மாறியதால் அழுத்தம் ஓரசை முன்னேறி 'டான்' மேல் அமர்கிறது. இக்ஸ் என முடியும் சொற்கள் பலவற்றிலும் இவ்வாறே. பாலிடிக்ஸ் மட்டும் எவ்விதிக்கும் அடங்காதது போல முதலசையில் அழுத்தம் பெறும்!

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தவர் அமெரிக்கரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822–1884). அவர் வழி தொடர்ந்திருந்தால் இவ்வுரைக்கே தேவை எழாது. தொடராத நிலையில், ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் அசை பிரித்தெழுதி, அழுத்தம் பெறும் அசையின் கீழ்க் கோடிடுவதில் மாணவனுக்கு இழுக்கில்லை. டகரம் ஈரொலிக்கும் நிற்பதால் ஒலி முற்றும் துல்லியமாகாதுதான். எனினும் மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று விடை சொல்ல அக்கோடு போதும்.