பேசாதவரைப் பற்றி ஒரு பேச்சு

மைதானத்துப் புழுதியைக் கழுவக்கூட நேரமின்றி ஓடிவந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே,

என்னை அறிமுகப்படுத்திய தலைவர் அவர்கள், மணிக்கணக்கில் சளைக்காமல் பேசக்கூடியவர் என்று ஒரு வார்த்தை சொன்னார்கள். அது எனக்குச் செய்த உபசாரமா, உங்களுக்கு விடுத்த முன்னெச்சரிக்கையா என்பதை நான் ஆராயப்போவதில்லை. அத்தகைய வாய் படைத்த நான் இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பவரோ, 1961 முதல் 1983 வரை 22 வருஷ காலம் கால்பந்தையே ஜீவனோபாயமாகக் கொண்டு, ஒரு தேசமே தம் பெயரை உச்சரிக்கும்படியான கீர்த்தியை அடைந்தும், நாலு வாக்கியத்தைச் சேர்ந்தாற்போலப் பேசுவதைப் பெருஞ்செலவாகக் கருதிய ஒரு மனிதர். இத்தாலியின் கோல் கீப்பர் டினோ ஸோஃப் அவர்களைச் சொல்கிறேன்.

வயற்காட்டுக் காவல்காரனுக்கும் கோல் கீப்பருக்கும் விதி ஒன்றுதான். பயிர் பத்திரமாக இருக்கும் நாளெல்லாம் அவன் பெயர் ஊரில் ஒருவருக்கும் நினைவில் வராது. மாடு புகுந்து மேய்ந்த மறுநாள் காலையில்தான், அவன் யார் மகன், எந்த மரத்தடியில் படுத்துத் தூங்கினான் என்பதெல்லாம் சாவடியில் விசாரிக்கப்படும். இந்த விதியைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டு அதிலே ஸோஃப் 41 பிராயம் வரை அசையாமல் நின்றார் என்பதுதான் அவரிடம் எனக்குள்ள மரியாதைக்குக் காரணமேயன்றி, அவர் வென்ற கோப்பைகள் அல்ல.

வடகிழக்கு இத்தாலியில், ஃப்ரியூலிப் பிரதேசத்தில், மரியானோ என்னும் சிற்றூரில் 1942-ஆம் வருஷம் ஒரு விவசாயக் குடும்பத்தில் அவர் பிறந்தார். 14 வயதில் இன்டர், யுவென்டஸ் ஆகிய இரண்டு பெரிய சங்கங்களிலும் தேர்வுக்குப் போய் நின்றபோது, பையன் குள்ளம் என்று சொல்லி இரண்டு இடத்திலும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். அடிலேட் என்று பெயர். வைத்திய சாஸ்திரம் படித்தவரல்லர் என்றாலும், நாளொன்றுக்கு எட்டு முட்டை சாப்பிடு, தானாக வளர்வாய் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பேரனும் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டான், வளர்ந்தும் விட்டான். முட்டையால் வளர்ந்தானா, வளரும் பருவம் வந்ததால் வளர்ந்தானா என்று வைத்தியர்கள் வேண்டுமானால் வாதாடட்டும். பாட்டியிடம் போய் அந்த வாதத்தை வைக்கும் தைரியம் எனக்கில்லை. அந்த இடைக்காலத்தில் பையன் சும்மா இருக்கவில்லை, மோட்டார் எஞ்சின் பழுதுபார்க்கும் தொழிலையும் கற்றுக்கொண்டான்.

பிற்பாடு உதினேசே சங்கம் அவரை எடுத்துக்கொண்டது. முதல் பிரிவு லீக்கில் அவர் ஆடிய முதல் ஆட்டத்திலேயே, ஃபியோரெந்தினா சங்கத்தார் ஐந்து கோல் போட்டார்கள். பிள்ளைகளே, உங்களில் யாராவது நேற்றைய ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கிவிட்டு இன்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்திருந்தால், இந்த ஐந்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

அவருடைய வித்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோல் வாசல் 24 அடி அகலமும் 8 அடி உயரமும் கொண்டது. அதை ஒரு மனிதன் உடம்பால் அடைத்துவிட முடியாது. ஆனால் பந்தோடு வருகிறவனை நோக்கி இரண்டு எட்டு முன்னே எடுத்து வைத்தால், அவன் கண்ணுக்கு அந்த வாசல் குறுகிப்போகிறது. ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து நின்றால், அவன் குறிவைத்திருந்த மூலை மறைந்துபோகிறது. ஸோஃப் அவர்களின் திறமை பெரும்பாலும் இந்த ஓரடியில் அடங்கியிருந்தது. ஆகாயத்தில் நீளமாகப் பறந்து விரல் நுனியால் பந்தைத் தட்டிவிடுகிற கீப்பரைக் கண்டால் நாம் எழுந்து நின்று கைதட்டுகிறோம். எனக்கோ, அந்தப் பாய்ச்சல்களில் பாதியாவது, நின்ற இடம் பிசகியதற்காகக் கட்டுகிற அபராதம் என்று தோன்றுவதுண்டு. ஸோஃப் அபராதம் கட்ட விரும்பாதவர். பந்து வரும் இடத்தில் அவர் முன்கூட்டியே நின்றிருப்பார். பந்து வந்து கையில் விழும். ஜனங்கள், இது சுலபமான பந்து என்று சொல்லிக்கொண்டு கடலை கொறிக்கப் போய்விடுவார்கள்.

மாண்டோவாவில் நாலு வருஷம், நாப்போலியில் ஐந்து வருஷம் என்று காலம் ஓடியது. 1968-இல் தேசிய அணியில் இடம் கிடைத்து, அதே வருஷம் ஐரோப்பியக் கோப்பையும் கிடைத்தது. அந்தப் போட்டியின் அரையிறுதி கோலின்றி முடிந்து, நாணயம் சுண்டிப் போட்டல்லவா இத்தாலி ஜெயித்ததென்று முடிவு கட்டினார்கள்! 1970 உலகக் கோப்பையில் அல்பெர்தோசி என்பவர் வாசலில் நிற்க, இவர் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். 30 வயதில், ஒரு காலத்தில் குள்ளமென்று தள்ளிய அதே யுவென்டஸ் சங்கம் இவரை விலை கொடுத்து வாங்கியது. அங்கே ஆடிய 11 பருவங்களில் ஒரு லீக் ஆட்டத்துக்குக்கூட அவர் வராமலிருந்ததில்லை. காய்ச்சல், தலைவலி, கலியாணம், காரியம் என்று நாம் எழுதித் தரும் விடுப்பு விண்ணப்பங்களை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

1972 முதல் 1974 வரை, தேச அணியின் ஆட்டங்களில் தொடர்ந்து 1142 நிமிஷம் அவருக்குப் பின்னாலிருந்த வலை அசையவில்லை. அதை முறித்தவர் எந்தப் பெரிய நாட்டு வீரருமல்லர். முதல் தடவையாக உலகக் கோப்பைக்கு வந்திருந்த ஹெய்ட்டி நாட்டின் இமானுவேல் சனோன். மியூனிக் நகரில் அந்த இளைஞர் தற்காப்பு வீரரை ஓடிக் கடந்து, கீப்பரையும் சுற்றிக்கொண்டு போய்ப் பந்தை வலையில் சேர்த்தார். அந்த ஆட்டத்தை இத்தாலி 3-1 என்று ஜெயித்தது. ஆயினும் இன்றளவும் பேசப்படுவது அந்த ஒன்றுதான், மூன்று அல்ல.

பிறகு 1978, அர்ஜென்டினாவில் உலகக் கோப்பை. ஹாலந்துக்காரரான ஹான் வெகு தூரத்திலிருந்து உதைத்த பந்து உள்ளே போயிற்று. மூன்றாவது இடத்துக்கான ஆட்டத்தில் பிரேசிலின் நெலினியோவும் திர்செவும் அவ்விதமே தூரத்திலிருந்து அடித்தார்கள். அவருக்கு அப்போது 36 வயது. வயதாகிவிட்டது, கண் மங்கிவிட்டது, தூரத்துப் பந்து தெரியவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. மாடு மேய்ந்துவிட்டதல்லவா, சாவடி கூடிற்று! அவர் பதில் பேசவில்லை, ராஜிநாமாவும் செய்யவில்லை. மறுநாளும் பயிற்சிக்குப் போகும் கட்சியைச் சேர்ந்தவர் அவர். பயிற்சியாளர் என்ஸோ பெயர்ஸோத் மட்டும் அவரைக் கைவிடவில்லை.

1982-ஆம் வருஷ உலகக் கோப்பைக்கு, 40 வயதில், அணித்தலைவராக ஸ்பெயினுக்குப் போனார். வீகோ நகரில் போலந்து, பெரு, காமரூன் ஆகிய மூன்று அணிகளோடும் சமநிலைதான். இத்தாலியப் பத்திரிகைகள் எழுதிய எழுத்தைத் தாங்காமல், இனிப் பத்திரிகைக்காரரோடு பேசுவதில்லை என்று வீரர்கள் சபதம் செய்துவிட்டார்கள். அணித்தலைவர் ஒருவர் மாத்திரம் எல்லார் சார்பிலும் பேசுவார் என்று ஏற்பாடு. சபையோர்களே, இதைக் கவனிக்க வேண்டும்: மௌன விரதம் பூண்ட சாமியாரைக் காலட்சேபத்துக்கு அமர்த்திய கதைதான் இது. நிருபர்கள் பென்சிலைத் தீட்டிக்கொண்டு வந்து, இரண்டு வார்த்தை எழுதிக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

ஜூலை 5, பார்ஸிலோனா, சர்ரியா மைதானம். எதிரே பிரேசில், ஸீக்கோ, சாக்ரடீஸ், பல்காவ் என்று சங்கீதம் போல ஆடுகிறவர்கள், அவர்களுக்குச் சமநிலையே போதும், அரையிறுதி உண்டு. பாவ்லோ ரோஸி மூன்று கோல் போட்டு இத்தாலி 3-2 என்று முன்னே நிற்கிறது, கடைசி நிமிஷங்கள். இடப்பக்கத்திலிருந்து வந்த பந்தை ஆஸ்கார் தலையால் முட்டித் தரையை நோக்கி இறக்குகிறார். 40 வயது மனிதர் விழுந்து, பந்தைக் கோல் கோட்டின் மேலேயே அமுக்கிவிடுகிறார். பிரேசில்காரர்கள் கோல் என்று கையை உயர்த்துகிறார்கள். நம்மில் எவராக இருந்தாலும், உடனே பந்தை நெஞ்சோடு வாரி அணைத்துக்கொண்டு எழுந்து, உள்ளே போகவில்லை என்று கூவியிருப்போம். அவர் அப்படிச் செய்யவில்லை. பந்தை இழுத்தால், உள்ளேயிருந்து இழுத்ததாக நடுவர் நினைத்துவிடலாம். ஆகவே பிடித்த இடத்திலேயே, கோட்டின் மேல், கையை எடுக்காமல் வைத்துக்கொண்டு கிடந்தார். நடுவர் பார்த்தார், ஆட்டம் தொடர்ந்தது. பந்தைத் தடுத்ததைவிட, தடுத்த பிறகு அசையாமல் கிடந்த அந்த ஓரிரண்டு கணத்துக்குத்தான் அத்தனை வருஷ அப்பியாசமும் செலவாயிற்று என்பது என் எண்ணம். ஆட்டம் முடிந்து பெயர்ஸோத் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஸோஃப் குறுக்கே வந்து அவர் கன்னத்தில் ஒரு முத்தமிட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

ஆறு நாள் கழித்து மாட்ரிட் நகரில் மேற்கு ஜெர்மனியை 3-1 என்று வென்று, உலகக் கோப்பையை ஏந்திய வீரர்களிலெல்லாம் மூத்தவரானார். ரெனாத்தோ கூத்துஸோ என்னும் ஓவியர் அந்தக் காட்சியை இத்தாலியத் தபால்தலைக்கு வரைந்தபோது, கோப்பையை உயர்த்திப் பிடித்த கைகளை வரைந்தார். முகம் அதில் இல்லை.

அதற்கடுத்த வருஷம் ஏதென்ஸ் நகரில் ஐரோப்பியச் சங்கக் கோப்பையின் இறுதியாட்டத்தில், ஹாம்பர்க் வீரர் மாகாத் தூரத்திலிருந்து அடித்த ஒரே பந்தில் யுவென்டஸ் தோற்றது. அந்தக் கோடையோடு அவர் ஓய்வு பெற்றார். பின்னர் பயிற்சியாளராகவும் பேர் எடுத்தார்; அந்தக் கதைக்கு இன்று நேரமில்லை, தலைவர் அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

மாட்ரிட்டில் ஜெயித்த அன்றிரவை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். இத்தாலியின் ஊர்களெல்லாம் உறங்காமல் வீதியில் ஆடிக்கொண்டிருந்தன. ஸோஃப் அவர்களோ, தம்மோடு ஒரே அறையில் தங்கும் தோழரான கயேத்தானோ ஷிரேயாவோடு ஓட்டலுக்குத் திரும்பிவிட்டார். ஷிரேயா, இவரைப் போலவே, அதிகம் பேசாத மனிதர். ஏழு வருஷம் கழித்து, ஸோஃப் பயிற்சியாளராகவும் ஷிரேயா அவருக்கு உதவியாளராகவும் இருந்த காலத்தில், யுவென்டஸ் சங்கத்தின் வேலையாகப் போலந்துக்குப் போன இடத்தில் சாலை விபத்தில் ஷிரேயா மாண்டுபோனார். ஆனால் அந்த இரவில் அதெல்லாம் யாருக்குத் தெரியும்? இருவரும் கட்டிலில் சாய்ந்துகொண்டு, ஆளுக்கொரு கிண்ணம் மதுவும் ஒரு சிகரெட்டுமாக, வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள்.