இரவில் பந்தயம், பகலில் தேக்கா

‘ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்தால் சிங்கப்பூருக்கு லாபமா?’ என்பது இன்றைய கேள்வி. லாபம் உண்டு. ஆனால் அந்த லாபம் யார் கைக்குப் போய்ச் சேருகிறது? தேக்காவில் கடை வைத்திருப்பவருக்கு அதுதான் முதல் கேள்வி.

லிட்டில் இந்தியாவுக்குப் பந்தயம் ஒன்றும் புதிதல்ல. ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயரே அதற்குச் சாட்சி. 1840களில் ஃபேரர் பார்க்கில் தொடங்கிய குதிரைப் பந்தயம் 1933ஆம் ஆண்டில் புக்கிட் தீமாவுக்கு இடம் மாறியது. குதிரைகள் போய்விட்டன, பெயர் மட்டும் நின்றுவிட்டது. இன்று அந்தச் சாலைக்கு மக்கள் போவது மீன் தலைக்கறி சாப்பிட.

கார்ப் பந்தயமும் பழைய கதைதான். 1961ஆம் ஆண்டில் அப்பர் தாம்சன் சாலையில் தொடங்கிய கிராண்ட் பிரீ, விபத்துகளும் உயிரிழப்புகளும் கவலை தந்ததால் 1973ஆம் ஆண்டோடு நின்றது. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2008 செப்டம்பர் 28ஆம் தேதி, மரினா பே வீதிகளில் பந்தயம் திரும்பி வந்தது. ஃபார்முலா ஒன் வரலாற்றிலேயே முதல் இரவுப் பந்தயம் அது. இரவில் நடத்தியதற்குக் காரணம் உண்டு. சிங்கப்பூரில் இரவு எட்டு மணி என்றால் பாரிசில் பிற்பகல் இரண்டு மணி. ஐரோப்பிய ரசிகர் மதிய உணவு முடித்துத் தொலைக்காட்சி முன் அமரும்போது, விளக்கொளியில் சிங்கப்பூர் மின்னுகிறது. அந்த விளம்பரத்தைக் காசு கொடுத்து வாங்குவது எளிதல்ல.

இனி கணக்கைப் பார்ப்போம். 2022ஆம் ஆண்டில் ஒப்பந்தம் 2028 வரை நீட்டிக்கப்பட்டபோது, ஒரு பந்தயத்துக்கு ஏறத்தாழ 135 மில்லியன் வெள்ளி செலவாகும் என்றும் அதில் 60 விழுக்காட்டை அரசாங்கம் ஏற்கும் என்றும் சொல்லப்பட்டது. அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 81 மில்லியன் வெள்ளி மக்கள் பணம். வரவு? 2008 முதல் கொவிட்-19 பரவலுக்கு முன் நடந்த 12 பந்தயங்களில் 550,000க்கும் அதிகமான வெளிநாட்டவர் வந்தனர். சுற்றுப்பயணத் துறைக்குக் கிடைத்த கூடுதல் வருவாய் ஏறத்தாழ 1.5 பில்லியன் வெள்ளி. வகுத்துப் பார்த்தால் ஒரு பந்தயத்துக்கு 125 மில்லியன், ஒரு விருந்தினருக்கு ஏறத்தாழ 2,700 வெள்ளி.

நல்ல வரவுதான். ஆனால் செலவு மக்கள் பணத்தில், வரவு ஹோட்டல்களுக்கும் உணவகங்களுக்கும் கடைகளுக்கும். அதிலும் பெரும்பங்கு மரினா பே பக்கமே தங்கிவிட்டால், பணம் போட்டவர்கள் அனைவருக்கும் பயன் கிட்டியதாகச் சொல்ல முடியாது.

பெயர் விஷயத்திலும் கவனம் தேவை. 2008 பந்தயத்தில் ரெனோ அணியின் கார் வேண்டுமென்றே மோதப்பட்டது என்பது மறு ஆண்டு வெளியாகி உலகெங்கும் பேசப்பட்டது. பந்தய வழிநடத்துக் குழுவின் தலைவராக இருந்த முன்னாள் அமைச்சர் எஸ். ஈஸ்வரன், பதவியில் இருந்தபோது விலைமதிப்புள்ள பொருள்களைப் பெற்றது தொடர்பான வழக்கில் 2024 அக்டோபரில் 12 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். உலகப் புகழ் என்பது இருபக்கமும் வெட்டும் கத்தி.

அதற்காகப் பந்தயமே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? மலேசியாவின் சிப்பாங் 1999 முதல் நடத்திவிட்டு, செலவு தாங்காமலும் கூட்டம் குறைந்ததாலும் 2017ஆம் ஆண்டில் விடைகொடுத்தது. டில்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் 2011 முதல் 2013 வரை மூன்றே பந்தயங்கள்தான். சிங்கப்பூரில் கூட்டம் குறையவில்லை. கிருமிப்பரவலால் ஈராண்டுகள் நின்ற பின் 2022ஆம் ஆண்டில் மூன்று நாளில் 302,000 பேர் திரண்டனர். ஊருக்கு நடுவிலேயே பந்தயம் நடப்பது இதன் பெரிய பலம்.

அந்தப் பலத்தைத்தான் தேக்கா இன்னும் நன்றாகப் பயன்படுத்த வேண்டும். பந்தயம் இரவில். அப்படியானால் விருந்தினரின் பகல் பொழுது யாருக்கு? வந்தவர் காலையிலும் மதியத்திலும் எங்கே போவது என்று யோசிப்பவர். பந்தயப் பாதையை ஒட்டிய புரொமனாட் நிலையத்தில் டௌன்டவுன் ரயில் ஏறினால் பூகிஸ், ரோச்சோர், அடுத்தது லிட்டில் இந்தியா. மூன்றே நிறுத்தம். அங்கே தேக்கா நிலையத்துச் சாப்பாடு, பூக்கடை, கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் எல்லாம் நடை தூரம். 2025ஆம் ஆண்டில் அக்டோபர் 3 முதல் 5 வரை பந்தயம், 20ஆம் தேதி தீபாவளி. சிராங்கூன் சாலை பண்டிகைக் கோலத்தில் இருக்கும் நேரம் அது.

வாழையிலைச் சாப்பாட்டை எப்படிச் சாப்பிடுவது என்று ஆங்கிலத்தில் ஓர் அட்டை, மதிய வேளையில் கோயில்களையும் பழைய கடைவீடுகளையும் சுற்றிக் காட்டும் ஒரு நடை, ரயில் நிலையத்தில் ‘மூன்றே நிறுத்தம்’ என்று ஒரு பலகை. இவற்றுக்கு மில்லியன்கள் வேண்டாம். வர்த்தகர்கள் ஒன்றுகூடினால் போதும்.

ஒப்பந்தம் 2028ஆம் ஆண்டில் முடிகிறது. அடுத்து நீட்டிப்பதா என்று கணக்குப் பார்க்கும்போது, எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு, அவர்கள் எந்தெந்தப் பேட்டைக்குப் போனார்கள் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் பட்டியலில் தேக்காவின் பெயரும் இருந்தால், ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்கு மீண்டும் பந்தயத்தால் ஒரு பயன் கிட்டியிருக்கும்.