காத்திருக்கும் வலிமை



பணப்பயிர் விவசாயிகளின் தொழில் முயற்சியைக் குறித்து ஆராயக் கூடியுள்ள இம்மாநாட்டிற்குத் தலைமை தாங்கும் கௌரவத்தை அளித்த அமைப்பாளர்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

நெல்லும் கேழ்வரகும் விளைவிப்பவன், விலை வீழ்ந்த வருஷத்திலும் குதிரில் உள்ளதை உண்டு காலந்தள்ளக்கூடும்; பருத்தியையும் பாக்கையும் பயிரிடுகிறவனோ, தன் விளைச்சலைத் தானே உண்டு பசியாற முடியாதவனாதலால், அறுவடை முடிந்த மறுகணமே சந்தையின் முகம் பார்த்து நிற்க வேண்டியவனாகிறான். சென்னை மாகாணத்தில் 1933-இல் இயற்றப்பட்ட வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் நியாயமான எடைக்கும் வெளிப்படையான விற்பனைக்கும் வழி வகுத்தது. தராசு நேரானது உண்மையே. ஆயினும், கடன் தவணைக்காகக் கிடைத்த விலைக்கு விற்றே தீரவேண்டிய அவசரம் விவசாயியை விட்டு அகலவில்லை. அந்த அவசரத்தை வெல்லும் உபாயமே விவசாயியின் உண்மையான தொழில் முயற்சி என்பது என் துணிபு.

முன்பு அம்மாகாணத்தின் ஒரு ஜில்லாவாக இருந்த தென்கன்னடத்தின் அனுபவம் இதற்குச் சான்று. பாக்கு விலை சரிந்து கமுகந்தோப்புக்காரர்கள் கலங்கியிருந்த வேளையில், 1973-இல், வாரணாசி சுப்ராய பட் அவர்களின் தலைமையில் கர்நாடக, கேரள விவசாயிகள் ஒன்றுகூடி, மங்களூரில் ‘காம்ப்கோ’ என்னும் கூட்டுறவு ஸ்தாபனத்தை நிறுவினர். பாக்கு பொறுமையுள்ள பண்டம். முற்றத்தில் நாற்பது நாள் அளவு காய்ந்து, தோல் உரிந்து, கோணிக்குள் புகுந்துவிட்டால், நல்ல விலைக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும். ஆனால் அதே தோப்பில் ஊடுபயிராக வளர்ந்த கொக்கோவின் இயல்பு வேறு. காயை உடைத்ததும் வெண்சதை போர்த்த விதைகள் வழுவழுவென்று கையில் ஒட்டும். அவற்றைத் தாமதமின்றிக் குவித்து மூடி, இடையிடையே கிளறி, ஐந்தாறு நாள் புளிக்கவைத்து, பின்னர் வெயிலில் உலர்த்தாவிடில் அத்தனையும் பாழாகும். எனவே, அந்தப் பத்தாண்டின் இறுதியில் கொள்முதல் செய்துவந்தவர்கள் கையை விரித்தபோது, தனி விவசாயி செய்வதற்கு ஒன்றுமில்லை. காம்ப்கோ முன்வந்து ஈர விதையை வாங்கியது. 1986-இல் புத்தூரில் சொந்தமாகச் சாக்லேட் ஆலையும் கண்டது. காத்திருக்கத் தெரியாத விதைக்குக் காத்திருக்கும் வலிமையை அளித்தவை அந்த விவசாயிகளின் ஒற்றுமையும் அவர்கள் எழுப்பிய ஆலையுமே.

தொழில் முயற்சி என்றதும் ஒரு தனி மனிதனின் சாமர்த்தியத்தையும் துணிச்சலையும் மட்டுமே நினைத்துப் பழகிவிட்டோம். ஐந்து ஏக்கர் மஞ்சளை வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றி, விரலி வேறு கிழங்கு வேறாகப் பிரித்து ஈரோட்டுச் சந்தைக்கு அனுப்புகிறவனிடம் சாமர்த்தியத்திற்கு என்ன குறை? அவனிடம் இல்லாதவை, சரக்கைக் காக்கும் கிட்டங்கியும், அதன்பேரில் நியாயமான வட்டிக்குக் கிடைக்கும் கடனும், பக்கத்துத் தோட்டக்காரனோடு சேர்ந்து நிற்கும் நம்பிக்கையுமே ஆகும்.

ஆகவே அறிஞர் பெருமக்களே, விலை ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று ஆராய்வதோடு அமையாமல், அறுவடைக்கும் விற்பனைக்கும் இடையே ஒரு விவசாயிக்கு எத்தனை நாள் பொறுத்திருக்க இயலுகிறது, அந்நாட்களை நீட்டிக்க வழி யாது என்பதையும் உங்கள் கட்டுரைகள் அளந்து சொல்ல வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொண்டு, இம்மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.