மருத்துவம் பயிலும் நம் பிள்ளைகளிடம் சில வார்த்தைகள்

(அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் பேசியது)





வழக்கமாக இந்த மேடையில் வரவு செலவு வாசித்துவிட்டு அமர்ந்துவிடுவோம். கணக்கு அச்சாகி உங்கள் கையில் இருக்கிறது. இன்று மருத்துவக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளிடம் பேச வேண்டியிருக்கிறது. மலம், சிறுநீர் பற்றிய பேச்சு. சாப்பாட்டு நேரத்தில் பேசுகிறோமே என்று கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சென்ற ஆண்டு நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒருவர் மருத்துவ உதவிக்கு மனு கொடுத்தார். அவருடைய ஆண் குழந்தைக்கு அப்போது 38 நாள். பிறந்த சில நாளில் வந்த மஞ்சள் கண்ணை விட்டுப் போகவில்லை. முதலில் காட்டிய இடத்தில், காலை வெயிலில் காட்டுங்கள், தானாகச் சரியாகும் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டிலோ, நாற்பது கழியாமல் பச்சைப் பிள்ளையை வெளியூர் கொண்டுபோகக் கூடாது என்றார்கள். சிகிச்சைக்குப் போக மார்க்கத்தில் அப்படி ஒரு தடையும் இல்லை. பிறகு பார்த்த குழந்தை மருத்துவர்தான் சந்தேகப்பட்டு உடனே சென்னைக்குப் போகச் சொன்னார்.

நாங்கள் என்ன செய்தோம்? அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வைக்கலாம் என்று கோப்பில் போட்டோம். கூட்டம் கூட 23 நாளாயிற்று. பரிசோதனைகள் முடிந்து அறுவை சிகிச்சை நடந்தபோது பிள்ளைக்கு 74 நாள்.

அந்த நோய்க்குப் பித்தநாள அடைப்பு என்று பெயர். கல்லீரலில் சுரக்கும் பித்தம் குடலுக்கு வர வழியில்லை. பித்தம் வராததால் மலம் நிறமிழந்து களிமண் போல, சாம்பல் வெள்ளையாகப் போகும். சிறுநீர் துணியில் மஞ்சள் கறை வைக்கும். தேங்கிய பித்தம் கல்லீரலைக் கெடுத்துக்கொண்டே போகும். ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் 1950களில் இதற்கு ஓர் அறுவை சிகிச்சையைக் கண்டார்: சிறுகுடலை மேலே இழுத்துக் கல்லீரலின் அடிப்பகுதியோடு நேராக இணைப்பது. 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். நாள் தள்ளத் தள்ளக் குறையும். எங்கள் கோப்பில் கிடந்த 23 நாளை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்கு இப்போது கல்லீரல் மாற்று தேவைப்படலாம் என்கிறார்கள். துஆச் செய்யுங்கள்.

தைவானில் 2004 முதல் பிறந்த குழந்தையின் கைப்புத்தகத்திலேயே மல நிற அட்டை வைத்துக் கொடுக்கிறார்கள். தாய் அதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுவாள். மாணவர்களே, உங்கள் பாடத்திட்டத்தில் வயிற்றுப்போக்கு, நீரிழப்பு, சத்து உறிஞ்சாமை, கல்லீரல் நோய் எல்லாம் இருக்கின்றன. ஆனால் குழந்தைகள் வார்டில் நீங்கள் நிற்பது சில வாரங்கள்தான். அந்த வாரங்களில் தாயிடம் "மலம் என்ன நிறம்?" என்று கேட்டு நிறுத்தாதீர்கள், துணியை வாங்கி நீங்களே பாருங்கள். 14 நாளைத் தாண்டியும் மஞ்சள் இருந்தால், நேரடி பிலிருபின் எவ்வளவு என்று இரத்தத்தில் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

பெரிய கருவிதான் பெரிய வைத்தியம் என்றும் நினைக்க வேண்டாம். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்துபோனது. குழந்தை மருத்துவரான திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கவே கொடுக்கச் செய்தார். 30 சதவீதம் வரை இருந்த மரணம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அதுதான் இன்றைய ஓ.ஆர்.எஸ்.

சரி, பணத்துக்கு வருவோம். குழந்தைகளின் குடல், கல்லீரல் துறையில் நிபுணராக எம்.பி.பி.எஸ். பயிற்சியோடு ஐந்தரை ஆண்டு, எம்.டி. மூன்று, டி.எம். மூன்று என்று படிக்க வேண்டும். இடையில் நுழைவுத் தேர்வுகள் வேறு. நாணயமோ பொத்தான் பேட்டரியோ விழுங்கிய குழந்தைக்கு எண்டோஸ்கோப்பி போட்டு எடுக்கும் கை அவ்வளவு காலத்தில்தான் பழகுகிறது. எங்கள் உதவியோ எம்.பி.பி.எஸ். உடன் நின்றுவிடுகிறது. இதை நீட்டிக்கலாமா என்று கேட்டபோது குழுவில் ஒரு பெரியவர், "ஒருத்தருக்குக் கொடுக்கிற காசில் நாலு பிள்ளைகள் டிப்ளமா முடிப்பார்களே?" என்றார். அதில் நியாயம் இருக்கிறது; இல்லையென்று சொல்ல மாட்டோம். அதனால் ஸகாத் நிதியைத் தொடாமல், பொது நன்கொடையிலிருந்து ஒரே ஒருவருக்கு, சோதனையாக என்று முடிவாகியிருக்கிறது. எம்.டி. குழந்தை மருத்துவம் சேர்ந்தவர்கள் மனுச் செய்யலாம். மாதம் ஒரு ஞாயிறு நம் மஹல்லாவில் பிள்ளைகளைப் பார்க்க வர வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

இன்னொன்று. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கான மருத்துவ மனு இனிக் கூட்டத்துக்குக் காத்திராது. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்திட்டால் அன்றே பணம் தரப்படும். இரவானாலும் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மனுப் படிவம் மஃரிபுக்குப் பின் அலுவலகத்தில் கிடைக்கும்.