காய்ச்சல் விட்டால் வியாதி விட்டதா?

(தர்மபுரி ஜில்லா, பெண்ணாகரம் வட்டாரக் கிராமமொன்றில் நடந்த கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மலேரியாவுக்கு மாத்திரை சாப்பிடுவதைப் பற்றியதாகும். "இதற்கென்று ஒரு கூட்டமா? மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்க யாருக்குத் தெரியாது?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தோம். அப்படி நினைத்ததனாலேயே ஒரு கர்ப்பிணிக்கும் அவள் வயிற்றுப் பிள்ளைக்கும் கேடு செய்யப் பார்த்தோம். அந்தக் கதையைப் பின்னால் ஒளிக்காமல் சொல்லுகிறோம்.

"மலேரியாதான் குறைந்துவிட்டதே, இப்போது அதைப் பற்றி என்ன பேச்சு?" என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் அது முன்போல் இல்லை என்பது உண்மையே. ஆனால் நம் ஜில்லாக்காரர்கள் பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் கேரளத்துக்கும் வடநாட்டுக்கும் போய் வருகிறார்கள். அங்கிருந்தும் இங்கே ஆட்கள் வருகிறார்கள். வருகிறவர் இரத்தத்தில் கிருமி வரலாம். அதைப் பரப்புகிற அனாபிலிஸ் கொசுவுக்கோ ஆற்றில் வெள்ளம் வடிந்தபின் பாறைக்குழியிலும் மணற்குழியிலும் நிற்கும் தெளிந்த தண்ணீரே போதும். டவுனில் மூடாத தண்ணீர்த் தொட்டி போதும். வியாதி அபூர்வமானதில் ஒரு தீமையும் உண்டு. காய்ச்சல் என்றால் டெங்குதான் நினைவுக்கு வருகிறதே ஒழிய, மலேரியா நினைவுக்கு வருவதில்லை.

இந்த வியாதி பேயாலும் வருவதில்லை, கண்ணேறாலும் வருவதில்லை. 1880ம் வருஷத்தில் அல்ஜீரியாவில் லாவெரான் என்ற பிரெஞ்சு டாக்டர் நோயாளியின் இரத்தத்தில் கிருமியைக் கண்டார். 1897 ஆகஸ்டு 20ந் தேதி நம் நாட்டிலேயே, செகந்தராபாத்தில், ரொனால்டு ராஸ் என்ற டாக்டர் அந்தக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டார். ஆகவே குற்றவாளி யார் என்பது தெரிந்து நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

அப்படியிருக்க, மந்திரிப்பவனுக்கும் கயிறு கட்டுபவனுக்கும் இந்தக் காய்ச்சலில் ஏன் இவ்வளவு பேர் கிடைக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கிருமி இரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் புகுந்து பெருகுகிறது. பெருகி முடிந்ததும் அணுக்களை உடைத்துக்கொண்டு வெளிவருகிறது. அப்போதுதான் குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் வருகின்றன. வைவாக்ஸ் என்னும் வகையில் இது பெரும்பாலும் 48 மணிக்கொரு தடவை நடக்கிறது. அதனால்தான் நம் பெரியவர்கள் இதை முறைக்காய்ச்சல் என்றார்கள். ஒருநாள் உடம்பைத் தூக்கிப் போடும்; மறுநாள் ஒன்றுமே இல்லாததுபோல் ஆளை எழுந்து நடக்கவிடும். முறை நாளில் கயிறு கட்டினால் மறுநாள் காய்ச்சல் இருக்காது. கட்டாவிட்டாலும் இருக்காது! கிருமி எடுத்துக்கொண்ட ஓய்வு கயிற்றின் மகிமையாகிவிடுகிறது.

இதைச் சொல்லிக் கேலி செய்கிற நாமும் இதே தவறைத்தான் செய்தோம். சுமார் பதினைந்து வருஷங்களுக்கு முன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் நமக்கு மலேரியா கண்டது. இரத்தம் பார்த்து வைவாக்ஸ் என்றார்கள். மூன்று நாளைக்கு குளோரோகுவின் மாத்திரையும் பதினான்கு நாளைக்கு பிரைமாகுவின் மாத்திரையும் கொடுத்தார்கள். ஊருக்கு வந்தோம். தாயார் ஒரு கயிறு கட்டினார். மனம் நோகவேண்டாம் என்று கையை நீட்டினோம். மூன்றாம் நாள் காய்ச்சல் போயிற்று. ஐந்தாம் நாள் மாத்திரையை நிறுத்தி, மீதியைப் பெட்டியில் வைத்தோம். இரண்டு மாதத்தில் மறுபடியும் குளிர் தூக்கிற்று. காய்ச்சல் விட்டபோது பெயர் கயிற்றுக்குப் போயிற்று. திரும்பி வந்தபோது பழி மாத்திரைக்கு வந்தது. மாத்திரையை முடிக்காத நம்மை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை, நாமும் சொல்லிக்கொள்ளவில்லை!

நடந்தது இதுதான். குளோரோகுவின் இரத்தத்திலுள்ள கிருமியைத்தான் கொல்லும். வைவாக்ஸ் கிருமியில் ஒரு பங்கு கல்லீரலில் போய்த் தூங்குகிறது. அது வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ தூங்கி, பிறகு எழுந்து இரத்தத்துக்கு வரும். தூங்குகிறதைக் கொல்லத்தான் பதினான்கு நாள் பிரைமாகுவின். காய்ச்சல் விட்டது என்றால் வியாதி விட்டது என்று அர்த்தமில்லை. காய்ச்சலைப் பார்த்து மாத்திரையை நிறுத்தக்கூடாது. கணக்கைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

ஒரு மனிதன் செய்த தவறை ஒரு தேசமும் செய்ததுண்டு. 1958ல் சர்க்கார் மலேரியா ஒழிப்புத் திட்டம் ஆரம்பித்தது. நம் தர்மபுரி சேலத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவான அதே 1965ம் வருஷத்தில், இந்தியா முழுவதற்கும் மலேரியாக் கணக்கு சுமார் ஒரு லட்சமாகக் குறைந்தது. ஒழிந்தது என்று நினைத்து அசட்டை வந்தது, பணமும் குறைந்தது, கொசுவும் மருந்துக்குத் தப்பப் பழகிற்று. 1976ல் கணக்கு 64 லட்சத்தைத் தாண்டிற்று. அதன் பிறகு 1977ல் கிராமம்தோறும் காய்ச்சல்காரர்களுக்கு மாத்திரை கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். அந்த வெள்ளை மாத்திரை இங்குள்ள பெரியவர்களுக்கு ஞாபகமிருக்கும். அக்காலத்தில் இரத்தப் பரிசோதனை முடிவு வர நாளாகும். ஆகவே எந்தக் காய்ச்சலானாலும் முதலில் அதைக் கொடுத்தார்கள். இன்று விரலில் ஒரு துளி இரத்தமெடுத்துச் சற்று நேரத்தில் சொல்லிவிடுகிறார்கள். ஆகவே அந்தப் பழைய வழக்கத்துக்கு இன்று அவசியமில்லை.

இனி முன்பு சொன்ன கதைக்கு வருகிறோம். நமக்குக் காய்ச்சல் வந்த அடுத்த வருஷம் நம் தம்பி மனைவிக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. அப்போது அவள் கர்ப்பம். நாமோ விஷயம் தெரிந்தவரல்லவா! பெட்டியைத் திறந்து, மிச்சமிருந்த மாத்திரையை எடுத்து, "இதைச் சாப்பிடம்மா, இது மலேரியாதான்" என்று கையில் கொடுத்தோம். அந்தச் சமயம் வீடு வீடாகப் பார்க்க வந்த கிராம நர்ஸம்மா அதை வாங்கிப் பார்த்து, மூன்றே கேள்வி கேட்டார். "இரத்தம் பார்த்தீங்களாண்ணா? இது யாருக்குக் கொடுத்த மாத்திரை? இவங்களுக்கு எத்தனை மாசம்?" நம்மிடம் ஒன்றுக்கும் நேரான பதிலில்லை. கர்ப்பிணிகளுக்கு பிரைமாகுவின் கொடுக்கவே கூடாது என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். இரத்தம் பார்த்ததில் அவளுக்கு மலேரியாவே இல்லை. மந்திரவாதியைக் கேலி செய்துகொண்டு அவன் வேலையையே நாம் செய்திருக்கிறோம் என்று அன்று வெட்கப்பட்டோம். ஏன், எவ்வளவு, யாருக்கு என்று கேளாமல் விழுங்கினால், மாத்திரையும் ஒரு தாயத்துத்தான்.

இது நம் ஒருவர் மடமை மட்டுமல்ல. 2020 மார்ச்சில் கொரோனா பயம் உலகத்தைப் பிடித்திருந்தபோது, அமெரிக்காவில் அரிசோனா மாகாணத்தில் ஒரு தம்பதி மீன் தொட்டிக்கென்று வைத்திருந்த குளோரோகுவின் பாஸ்பேட்டைத் தாங்களாகவே கலந்து குடித்தார்கள். கணவர் இறந்தார். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார்.

ஆகவே, கேட்க வேண்டியவற்றை இப்போது வரிசையாகச் சொல்லுகிறோம்.

முதலாவது, காய்ச்சல் கண்டதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை. எங்கெங்கு போய்வந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மலேரியா உண்டா என்பது மட்டுமல்ல, எந்த வகை என்பதும் தெரிய வேண்டும். வைவாக்ஸுக்கு முன்சொன்ன மருந்து. பால்சிபாரம் என்ற கொடிய வகைக்கு ஆர்டெமிசினின் வகை சேர்ந்த கூட்டு மருந்து மூன்று நாளும், பிரைமாகுவின் ஒரே ஒரு தடவையும். அந்த வகைக்குக் குளோரோகுவின் பல இடங்களில் பலிப்பதில்லை என்பது நம் நாட்டில் 1973லேயே அஸ்ஸாமில் கண்டாயிற்று.

இரண்டாவது, அளவு உடம்பின் எடையைப் பொறுத்தது. குளோரோகுவின் கிலோவுக்கு முதல் இரண்டு நாளும் 10 மில்லிகிராம், மூன்றாம் நாள் 5 என்பது கணக்கு. அப்பனுக்குக் கொடுத்ததில் பாதியைப் பிள்ளைக்கு என்று வீட்டில் பங்கு போடாதீர்கள். சின்னக் குழந்தைக்கு ஒன்றிரண்டு மாத்திரை கூடினாலும் உயிருக்கே அபாயம். எட்டாத இடத்தில் வையுங்கள்.

மூன்றாவது, வெறும் வயிற்றில் சாப்பிடாதீர்கள். ஒரு வாய் கஞ்சியாவது குடித்துவிட்டுச் சாப்பிடுங்கள். முதல் வேளையை நர்ஸ் முன்னாலேயே சாப்பிட்டுக் கால்மணி நேரம் அங்கேயே இருங்கள். வாந்தியெடுத்தால் உடனே சொல்லுங்கள். சற்று இளைப்பாறவிட்டு மறுபடி கொடுப்பார்கள். அதையும் வாந்தியெடுத்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

நான்காவது, கர்ப்பிணிகளும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் பிரைமாகுவின் சாப்பிடக்கூடாது. கர்ப்பமாயிருக்கலாம் என்ற சந்தேகமிருந்தாலும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். சிலருக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற ஒரு சத்து இரத்தத்தில் குறைவாயிருக்கும். அவர்களுக்கு இந்த மாத்திரை சிவப்பணுக்களை உடைத்துவிடும். மூத்திரம் கறுத்துப் போனாலும், கண் மஞ்சளித்தாலும், மூச்சு வாங்கினாலும் அக்கணமே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். கணக்கு முடியுமுன் நிறுத்தத் தக்க காரணம் இப்படிப்பட்டதுதான். "காய்ச்சல் விட்டது" என்பதல்ல.

ஐந்தாவது, மாத்திரை சாப்பிட்டு ஒரு நாளாகியும் குணம் தெரியாவிட்டாலும், நினைவு தப்பினாலும், வலிப்பு வந்தாலும், தண்ணீர் இறங்காவிட்டாலும் வீட்டில் வைத்திராதீர்கள். அந்த நிலைக்கு ஊசி மருந்து வேண்டும், மாத்திரை போதாது.

"அப்படியானால் நாட்டு மூலிகையெல்லாம் பொய்யா?" என்று ஒரு தோழர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மூலிகை என்பதற்காக நாம் எதையும் தள்ளவில்லை. கொயினாவே ஒரு மரப்பட்டைதான். அந்த மரத்தை நம் நீலகிரியிலேயே 1860 முதல் பயிரிட்டார்கள். ஆர்டெமிசினின் சீன நாட்டுச் செடியிலிருந்து வந்தது. தூ யூயூ என்ற அம்மையார் பழைய வைத்திய நூல்களை ஆராய்ந்து, பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1972ல் அதைத் தாமே முதலில் சாப்பிட்டுச் சோதித்த பிறகுதான் நோயாளிக்குக் கொடுத்தார். 2015ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழமை என்பதற்காக அதை நம்பவுமில்லை, தள்ளவுமில்லை, பரீட்சித்தார். நாம் கேட்பதும் அவ்வளவே.

தோழர்களே! நாம் சொன்னோம் என்பதற்காக இதை நம்ப வேண்டாம். நாளைக் காலையில் உங்கள் நர்ஸம்மாவிடம் போய்க் கேட்டுப் பாருங்கள். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் பெட்டியையும் திறந்து பாருங்கள். பாதியில் விட்ட மாத்திரை இருந்தால் அது யாருக்கு, எப்போது, எதற்காகக் கொடுத்தது என்று யோசியுங்கள். யோசித்துவிட்டு, அதை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுங்கள். மற்றவர் வாய்க்குப் போகவிடாதீர்கள்.